அரைத்துவிட்ட சாம்பார்: எங்கே சறுக்குகிறது?

அரைத்துவிட்ட சாம்பார் சரியாக வரவில்லை என்றால் பலரும் வறுத்து அரைத்த சாமான்களின் அளவைத்தான் சந்தேகப்படுவார்கள். அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எதை எப்போது சேர்த்தோம் என்பதில்தான் கோளாறு.

முதலில் புளி. காய் வேகும் முன்பே புளிக்கரைசலை ஊற்றிவிட்டால், முள்ளங்கியும் உருளைக்கிழங்கும் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும். காயை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் புளிப்பில் லேசில் இளகாது. துவரம்பருப்புக்கும் இதே கதைதான். அதனால் காயை மஞ்சள்தூளும் கொஞ்சம் உப்பும் போட்டு முக்கால் பதம் வேகவிட்டு, அப்புறம் புளி. வெண்டைக்காய் மட்டும் விதிவிலக்கு. வதக்கி நேராகப் புளித்தண்ணீரில் போடலாம். வழவழப்பும் அடங்கும், குழையாமலும் நிற்கும்.

புளியின் பச்சை வாசனை போகும் முன்பே அரைத்த விழுதையும் பருப்பையும் கொட்டுவது அடுத்த அவசரம். விழுது சேர்ந்ததும் குழம்பு கெட்டியாகி அடிப்பிடிக்கப் பார்க்கும், பிறகு தைரியமாகக் கொதிக்கவிட முடியாது. மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் புளி தனியாகக் கொதிக்கட்டும். நாலு பேருக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளி என்பது பொதுக் கணக்கு. புளிக்குப் புளி புளிப்பு மாறும், ருசி பார்த்துக்கொள்வதே நல்லது.

வறுக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாக வாணலியில் போடுகிறவர்கள் உண்டு. வெந்தயம் கருகும்போது கடலைப்பருப்பு பாதிகூடச் சிவந்திருக்காது. 1 மேசைக்கரண்டி கடலைப்பருப்பை முதலில் போட்டு, அது நிறம் மாறத் தொடங்கியதும் 2 மேசைக்கரண்டி தனியா, ஐந்தாறு மிளகாய், கடைசியில் கால் தேக்கரண்டி வெந்தயம். தேங்காய்த்துருவலுக்கு அடுப்பே வேண்டாம், அணைத்த வாணலியின் சூடு போதும். வெந்தயம் கருகிவிட்டால் தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி வறுங்கள். அந்தக் கசப்பை எவ்வளவு வெல்லம் போட்டாலும் மறைக்க முடியாது.

விழுது சேர்ந்தபின் 5 நிமிடம் போதும். அதற்கு மேல் தளதளவென்று கொதித்தால் வறுத்த மணமெல்லாம் ஆவியோடு போய்விடும்.

பருப்போடு காயையும் குக்கரில் வைப்பது எனக்குப் பிடிக்காத குறுக்குவழி. முருங்கைக்காய் ஒருவேளை தப்பிக்கலாம், கத்தரிக்காய் காணாமலே போகும். குக்கர் பருப்புக்கு மட்டும் இருக்கட்டும். பருப்பை நன்றாகக் கடைந்து சேர்க்காவிட்டால் மேலே தண்ணீர், அடியில் பருப்பு என்று பிரிந்து நிற்கும்.

தாளிக்க எண்ணெய் நன்றாகக் காய வேண்டும், கடுகு முழுக்க வெடிக்க வேண்டும். வெடிக்காத கடுகு வாயில் கசக்கும். கடையில் வாங்கும் பெருங்காயத்தூளில் மாவும் கலந்திருப்பதால், கட்டிப் பெருங்காயம் போடும் அளவு போதாது. கொத்தமல்லித்தழை அடுப்பை அணைத்த பிறகுதான்.

அடுப்பில் பார்க்கும் பதத்தையும் நம்பி ஏமாற வேண்டாம். அரைத்த கடலைப்பருப்பு ஆற ஆறத் தண்ணீரை இழுக்கும், அதனால் இறக்கும்போது குழம்பு கொஞ்சம் நீர்க்கவே இருக்கட்டும். கல்சட்டியில் வைப்பவர்கள் இன்னும் சற்று முன்னதாகவே அணைத்துவிடலாம், அணைத்த பிறகும் கொதி அடங்கச் சில நிமிடம் ஆகும். அப்படியும் இறுகிவிட்டால் பச்சைத் தண்ணீரை ஊற்றாமல், கொதிநீர் விட்டு ஒரு கொதி வரவிட்டு, உப்பைச் சரிபாருங்கள்.