பொட்காஸ்ட் கேட்டு ஆங்கிலம் பேசப் பழகலாம்: ஆறு நிமிட நிகழ்ச்சி, ஒரு கிழமை வேலை

ஓ.எல்லில் ஆங்கிலத்துக்கு நல்ல ரிசல்ட். ஈமெயில் வந்தால் வாசித்து விளங்கிக்கொள்ள முடிகிறது, பதிலும் எழுத முடிகிறது. ஆனால் ஈமெயில் எழுதிய அதே ஆள் தொலைபேசியில் பேசினால் பாதி காதில் ஏறுவதில்லை. "யெஸ், யெஸ்" என்று சமாளித்துவிட்டு, "இதை ஒரு ஈமெயிலாகவும் போட்டுவிடுங்கோ" என்று கேட்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று ஊரிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரூம் எடுத்திருக்கும் பலருக்கு இதுதான் நிலைமை. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் இப்படி ஆட்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள். தரம் 3இலிருந்து பாடம் இருக்கிறது, ஆனால் பரீட்சை என்று வந்தால் எழுத்துத் தாள்தான். புள்ளி கிடைக்காத விஷயத்துக்கு டியூஷன் வகுப்பில் யார் நேரம் ஒதுக்குவார்கள்? அதனால் நமக்குத் தெரிந்த சொற்களெல்லாம் எழுத்து உருவத்தில் தலைக்குள் இருக்கின்றன. காதில் விழும்போது அவற்றை அடையாளம் தெரிவதில்லை.

பொட்காஸ்ட் என்பது நிறுத்தி, பின்னே தள்ளி, திரும்பக் கேட்கக்கூடிய வானொலி நிகழ்ச்சி. 1925இலேயே வானொலி தொடங்கிய ஊர் கொழும்பு. அன்று கேட்டவர்களுக்கு இல்லாத வசதி, அந்தப் பின்னே தள்ளும் பட்டன். கீழே வரும் படிகள் எல்லாமே அந்தப் பட்டனை நம்பித்தான் இருக்கின்றன. "நிறையக் கேளுங்கள், தானாக வந்துவிடும்" என்று பலரும் சொல்வார்கள். நான் சொல்வது நேர்மாறானது. ஆரம்பத்தில் கொஞ்சமாகக் கேளுங்கள். ஒரு ஆறு நிமிட நிகழ்ச்சியை ஒரு கிழமை முழுக்க வைத்து வேலை செய்யுங்கள்.

படி 1: ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தெரிவு செய்யுங்கள்

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பேசியதை எழுத்தில் தரும் ட்ரான்ஸ்கிரிப்ட் இருக்க வேண்டும். அது இல்லாத நிகழ்ச்சி எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் இப்போது வேண்டாம்.

என் முதல் சிபாரிசு, பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்'. இரண்டு பேர் ஒரு தலைப்பை எடுத்துப் பேசுவார்கள். தொடக்கத்தில் மூன்று விடைகளோடு ஒரு கேள்வி கேட்பார்கள், சரியான விடையைக் கடைசியில் சொல்வார்கள். நடுவில் ஆறு சொற்களை விளக்கி, முடிவில் அவற்றைத் திரும்பவும் நினைவுபடுத்துவார்கள். ட்ரான்ஸ்கிரிப்ட் அவர்களுடைய தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதன் மேலே, இது சொல்லுக்குச் சொல் சரியான பிரதி அல்ல என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அதைக் கவனித்து வையுங்கள், பிறகு உதவும்.

அது வேகமாகத் தெரிந்தால் வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் லேர்னிங் இங்கிலீஷ் பதிவுகளுக்குப் போங்கள். 1959இல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற பெயரில் தொடங்கியது அது. ஏறத்தாழ 1500 அடிப்படைச் சொற்களை வைத்து, வழக்கமான வாசிப்பைவிட நன்றாக வேகம் குறைத்துப் படித்திருப்பார்கள். பழைய பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன. உங்கள் நிலை என்னவென்றே தெரியாவிட்டால், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தில் கேட்டல் பயிற்சிகளை ஏ1 (தொடக்கநிலை) முதல் சி1 (உயர்நிலை) வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே இரண்டு, மூன்றைக் கேட்டுப் பார்த்தால் பிடிபடும்.

பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா என்று மண்டையைப் போட்டு உடைக்காதீர்கள். கொழும்பு ஒஃபிஸ் ஒன்றில் ஒரே நாளில் சிங்கள நண்பரின் ஆங்கிலம், சென்னையிலிருந்து வரும் கோல், லண்டன் கிளையன்ட் என்று எல்லாம் காதில் விழும். ஏதாவது ஒன்றில் தொடங்கினால் சரி.

படி 2: போனைத் தயார்ப்படுத்துங்கள்

அண்ட்ரொய்ட் போன் என்றால் அன்டெனாபொட் என்ற ஆப் போதும். இலவசம், விளம்பரமும் இல்லை. ஸ்பொட்டிஃபை இருந்தால் காசு கட்டாமலே பொட்காஸ்ட்டுகளை டவுன்லோட் செய்யலாம். வழக்கமான ஒலித்தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிட நிகழ்ச்சிக்கு 6 எம்பி அளவுதான் போகும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கிவிட்டால் அந்தச் செலவும் இல்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் செட்டிங்ஸில் பாருங்கள். பின்னே தள்ளும் பட்டனை 5 அல்லது 10 விநாடிக்கு மாற்றுங்கள். வேகத்தைத் தேவைப்பட்டால் 0.8 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் குரல் இழுபட்டு, சொற்கள் ஒட்டும் இடமே காணாமல் போய்விடும். நாம் பழகப்போவதே அந்த ஒட்டும் இடத்தைத்தான்.

படி 3: எழுத்தைப் பார்க்காமல் முதல் தடவை

அமைதியான இடம் வேண்டும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குள், டிரைவர் போடும் பாட்டுக்கும் "இஸ்ஸரஹட யன்ன" என்று கொண்டக்டர் போடும் சத்தத்துக்கும் நடுவில் இது நடக்காது. (ஏற்கெனவே பழகிய பகுதியைத் திரும்பக் கேட்பதற்கு பஸ் நல்ல இடம். இறங்கி வீதியைக் கடக்கும்போது மட்டும் காதிலிருப்பதைக் கழற்றிவிடுங்கள்.)

நிறுத்தாமல் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். விளங்கியதைத் தமிழிலேயே மூன்று வரி எழுதுங்கள். தொடக்கக் கேள்விக்கு உங்கள் விடையையும் குறித்து வையுங்கள். அவ்வளவுதான். பாதிகூட விளங்காவிட்டால் பரவாயில்லை. மூன்று வரிகூட எழுத வரவில்லை என்றால் அந்த நிகழ்ச்சி இப்போதைக்குக் கடினம், வேறொன்றை எடுங்கள்.

படி 4: ஒரு நிமிடத்தைக் காதால் எழுதுங்கள்

முழு வேலையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. நிகழ்ச்சியிலிருந்து ஒரே ஒரு நிமிடத்தை எடுங்கள். ஒரு வசனம் கேளுங்கள், நிறுத்துங்கள், கேட்டதை எழுதுங்கள். விடுபட்ட இடத்துக்குக் கோடு போட்டுவிட்டு, பின்னே தள்ளித் திரும்பக் கேளுங்கள். ஐந்தாறு முறைக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் கோட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போங்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு அரை மணித்தியாலம்கூடப் போகலாம்.

அப்புறம் ட்ரான்ஸ்கிரிப்ட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். விடுபட்டவை இரண்டு வகையாக இருக்கும். ஒன்று, உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத சொல். அதை அகராதியில் பார்த்தால் முடிந்தது. மற்றது, நன்றாகத் தெரிந்த சொல்லே காதில் விழாமல் போனது. இதற்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். தொடக்கக்காரர்களின் தாளில் சிவப்பு வட்டம்தான் அதிகமாக இருக்கும், அதுவும் சின்னச் சின்னச் சொற்களில்.

ஏன் இப்படி? தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் பங்கு கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் இடத்துக்குத்தான் நேரம் கொடுக்கிறார்கள், மற்றதை விழுங்கிவிடுகிறார்கள். "வட் ஆர் யூ கோயிங் டு டூ அபவுட் இட்" என்று நாம் எட்டுச் சொல்லாக எதிர்பார்த்துக்கொண்டிருப்போம். வருவது "வடய கொன டூ அபவ்டிட்". "ஐ ஷுட் ஹாவ் டோல்ட் ஹிம்" என்பது "ஐ ஷுடவ் டோல்டிம்" ஆகிவிடும். இரண்டு இடத்தில் 'ஹ' இருந்தது, இரண்டும் போய்விட்டது. இதைக் கேட்டு ஆங்கிலேயர் மென்று விழுங்குகிறார்கள் என்று குறை சொல்ல வேண்டாம். "போய்விட்டு வருகிறேன்" என்று எழுதிவிட்டு "போயிட்டு வாறன்" என்று சொல்கிறவர்கள்தானே நாங்களும்.

இதில் வேலையைக் கெடுக்கக்கூடிய ஒரு இடம் உண்டு. 'முடியும்' என்பதற்கான 'கேன்' வசனத்தின் நடுவில் வெறும் "கன்" என்று ஒலிக்கும்: "ஐ கன் கம் ஒன் ஃப்ரைடே". 'முடியாது' என்பதற்கானதில் பிரிட்டிஷ்காரர் "கான்ட்" என்று நீட்டுவார்கள். அமெரிக்கர் "கேன்ட்" என்று அழுத்துவார்கள், கடைசி 'ட்' பல நேரம் கேட்காது. அதனால் நாம் மரியாதையாக, தெளிவாக, "ஐ கேன் கம்" என்று அழுத்திச் சொன்னால், வர முடியாது என்று எதிர்ப்பக்கம் நினைக்க இடமிருக்கிறது. நிகழ்ச்சியில் இந்தச் சொல் வரும் இடமெல்லாம் நிறுத்தி, எது எது என்று கண்டுபிடியுங்கள்.

சில இடங்களில் நீங்கள் கேட்டது ஒன்றாகவும் ட்ரான்ஸ்கிரிப்ட்டில் இருப்பது வேறொன்றாகவும் இருக்கும். அது சொல்லுக்குச் சொல் பிரதி அல்ல என்று பார்த்தோமே? உங்கள் காது சரியாகவும் இருக்கலாம். இன்னொரு முறை கேட்டு முடிவு செய்யுங்கள்.

படி 5: நிழல்போல் பின்னால் பேசுங்கள்

இதற்கு ஷடோயிங் என்று பெயர். அதே ஒரு நிமிடத்தை ஓடவிட்டு, பேசுபவருக்கு அரை விநாடி பின்னால் நீங்களும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். முதலில் எழுத்தைப் பார்த்துச் செய்யுங்கள், பிறகு பார்க்காமல். உதட்டுக்குள் முணுமுணுப்பது கணக்கில் வராது. குரல் வெளியே வர வேண்டும்.

சொற்களைவிட ஏற்ற இறக்கத்தைப் பிடியுங்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம், 'ஃபடொக்ரஃபி' என்பதில் இரண்டாவதில். 'டெவலப்' என்று நாம் முதலில் அழுத்துவதை அவர்கள் 'டிவெலப்' என்று நடுவில் அழுத்துவார்கள். ஒலிகளில் நமக்கு இடறுபவை சிலதான்: 'ஃப' வர வேண்டிய இடத்தில் 'ப', 'ஸூ' என்று அதிர வேண்டிய இடத்தில் வெறும் 'சூ', உதடு குவிய வேண்டிய 'வ' எது, பல் படவேண்டிய 'வ' எது என்ற குழப்பம். ஒரு கிழமைக்கு ஒன்றைத் திருத்தினால் போதும்.

மூன்று பேர் தங்கியிருக்கும் போர்டிங் ரூமில் இதைச் செய்ய வெட்கமாக இருக்கும்தான். பின்னேரம் மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போங்கள். கடல் சத்தம், வாகனச் சத்தம், போதாததற்கு ரயிலும் போகும். காதில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பவர்கள் அங்கே எத்தனையோ பேர், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

படி 6: சொந்தமாகச் சொல்லுங்கள்

நிழல்போல் பேசினால் நாக்கு பழகும், ஆனால் சொல்வது இன்னொருவரின் பேச்சு. உங்கள் பேச்சு வருவது இங்கேதான். எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, நிகழ்ச்சியில் கேட்டதை ஒரு நிமிடம் வட்ஸ்அப் வொய்ஸ் நோட்டாகப் பதியுங்கள். எதையும் எழுதி வைத்து வாசிக்காதீர்கள். எப்படித் தொடங்குவது என்று திணறினால் இந்த மூன்று முனைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "இட் வொஸ் அபவுட்…", "ஐ டிடின்ட் நோ தட்…", "பட் ஐ திங்க்…". எதைப் பற்றியது, எது புதிதாகத் தெரிந்தது, நான் என்ன நினைக்கிறேன். நிகழ்ச்சியில் விளக்கிய ஆறு சொற்களில் இரண்டையாவது உள்ளே கொண்டுவாருங்கள்.

பதிந்ததைக் கேட்டுப் பாருங்கள். தன் குரலைக் கேட்க யாருக்கும் பிடிக்காது, அதை விடுங்கள். எங்கே நீண்ட நேரம் நின்றீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். அந்த இடத்தில் எந்தச் சொல் வரவில்லையோ, அதைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பதியுங்கள்.

கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பேரும் ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, வொய்ஸ் நோட்டை ஒருவருக்கொருவர் அனுப்புங்கள். கேட்டவர் ஒரு கேள்வியாவது ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்க வேண்டும். பிழை திருத்த வேண்டாம். பிழை திருத்தத் தொடங்கினால் ஒருவர் மாஸ்டர், மற்றவர் மாணவர் ஆகி, இரண்டாம் கிழமையே ஆள் காணாமல் போய்விடுவார்.

கிழமைக்கு எப்படிப் பிரிப்பது?

திங்கள் முதல் கேட்டல். செவ்வாய், புதன் காதால் எழுதுவது. வியாழன், வெள்ளி ஷடோயிங். சனி வொய்ஸ் நோட். ஞாயிறு சும்மா இருங்கள், அல்லது பழைய நிகழ்ச்சி ஒன்றைப் பாட்டுக் கேட்பதுபோல் கேளுங்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது நிமிடம் போதும்.

அடிக்கடி வரும் கேள்விகள்

ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறேன், இது போதுமா? போதாது. அதில் கேட்டல் பகுதி சுமார் 30 நிமிடம், நான்கு பாகங்கள், 40 கேள்விகள், ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். பின்னே தள்ளும் பட்டனையே நம்பிப் பழகியவருக்கு அது இடிக்கும். பரீட்சைக்கு இரண்டு, மூன்று மாதம் இருக்கும்போது மாதிரித் தாள்களுக்கு மாறி, ஒரு முறை மட்டும் கேட்டு விடை எழுதப் பழகுங்கள்.

எப்போது அடுத்த கட்டத்துக்குப் போவது? புதிய 'சிக்ஸ் மினிட்' ஒன்றை முதல் தடவை கேட்டதுமே கதை முழுக்க விளங்கி, சிவப்பு வட்டமும் குறைந்துவிட்டால் போகலாம். அப்போது பிபிசியின் 'குளோபல் நியூஸ் பொட்காஸ்ட்' நல்லது, ஏனென்றால் வீரகேசரியிலோ தினக்குரலிலோ காலையில் வாசித்த செய்தியே அதில் வரும், விஷயம் தெரிந்திருப்பதால் மொழியைப் பிடிப்பது சுலபம். கலகலப்பான நீண்ட பேச்சு வேண்டுமென்றால், 2009இலிருந்து நடக்கும் 'லூக்ஸ் இங்கிலீஷ் பொட்காஸ்ட்'டை எடுங்கள். அதை முழுதாக எழுதிப் பார்க்க முயல வேண்டாம். பிடித்த இரண்டு நிமிடத்தை வெட்டியெடுத்து, அதற்கு மட்டும் படி 4ஐச் செய்யுங்கள்.

எந்தத் தலைப்பை எடுப்பது? வேலையோடு ஒட்டியது. ஹோட்டலில் வேலை என்றால் சுற்றுலா, உணவு. கணக்குப் பிரிவு என்றால் பணம், வங்கி. பழைய நிகழ்ச்சிகள் பல நூறு குவிந்து கிடக்கின்றன, தேடும் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டால் வரிசையாக வரும். சனிக்கிழமை வொய்ஸ் நோட்டில் சொன்ன வசனம் திங்கட்கிழமை ஒஃபிஸ் கோலில் தேவைப்படும் என்று தோன்றும் தலைப்பையே முதலில் எடுங்கள்.