சயாம் மரண ரயில்: குடும்பச் சாட்சியங்களைத் திரட்டும் முறை

ஜப்பான்காரன் காலத்தில், அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து ஆண்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) – பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களைப் பற்றிப் பினாங்கிலும் செபராங் பிறையிலும் இன்று சொல்லக்கூடியவர்கள், பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம். 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் பலருடைய பெயர் பொறித்த கல்லறைகளைத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் காணலாம். ஆசியத் தொழிலாளர்களுள் மாண்டவர்கள் அதைப்போலப் பன்மடங்கு, ஆனால் அவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. ஆகவே முதல் அமர்வில் பெரிய கேள்விகள் வேண்டாம். தோட்டத்தின் பெயர், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), யார் கங்காணி (வேலையாட்களின் மேற்பார்வையாளர்), போனவரின் பெயர், அவருக்குப் பின் பிள்ளைகளை வளர்த்தவர் யார் என்பவற்றை மட்டும் கேளுங்கள்.

பேசுபவரின் பேச்சை இலக்கணத் தமிழாகத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளைப் பற்றி 1996இல் விசாரணைகளைத் தொடங்கிய தென்னாப்பிரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும், சாட்சிகள் தத்தம் தாய்மொழியில் பேச மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தியது.

தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'கண்டது', மறுபக்கம் 'கேட்டது' என எழுதிக்கொள்ளுங்கள். "அப்பாவ லாரில ஏத்துனாங்க, அம்மா பின்னாலயே ஓடுனாங்க" என்று ஒரு பாட்டி சொன்னால் அது கண்டது. "பேதியில போயிட்டாருன்னு திரும்பி வந்தவங்க சொன்னாங்க" என்பது கேட்டது. இரண்டாவது பொய் என்பதல்ல; எதிர்காலத்தில் ஆவணம் ஒன்று கிடைத்தால், எதனோடு எதை ஒப்பிடுவது என்று தெரிய வேண்டும்.

கடினமான பகுதி வேறு. ஆள் பிடிக்க ஜப்பானியர் தோட்ட நிர்வாகத்தையே பல இடங்களில் பயன்படுத்தினர். பட்டியல் எழுதிய கிராணியின் (தோட்ட எழுத்தரின்) பேரனும் பட்டியலில் இருந்தவரின் பேத்தியும் இன்று ஒரே கோயில் திருவிழாவில் நிற்கக்கூடும். நல்லிணக்கம் என்றதும் நாம் தோக்கியோவைப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டைப் பார்ப்பதில்லை. ஒருவர் மீது குற்றம் சொல்லப்பட்டால், வெளியிடுவதற்கு முன் அவர் குடும்பத்தாரிடம் தெரிவித்துப் பதிலையும் பதிவு செய்யுங்கள். அந்த ஆணையத்தை அமைத்த தென்னாப்பிரிக்கச் சட்டமும் குற்றம் சாட்டப்படுவோருக்கு அந்த வாய்ப்பைத் தரச் சொன்னது. கிராணிக்கு மேலிருந்து வந்த நெருக்குதலையும் எழுதுங்கள், ஆனால் அவருக்காக நீங்கள் வாதாட வேண்டாம். "மன்னித்துவிட்டீர்களா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். அது பேட்டி காண்பவரின் அவசரம்.

பணம் பற்றி முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். 1967இல் மலேசியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஜப்பான் 2.5 கோடி மலேசிய வெள்ளி மதிப்புள்ள உதவியை அரசாங்கத்துக்கு வழங்கியது. அது குடும்பங்களுக்கான இழப்பீடு அன்று. தென்னாப்பிரிக்காவிலும் பாதிக்கப்பட்டோருக்கு ஆணையம் பரிந்துரைத்த இழப்பீடு ஒன்று. 2003இல் அரசு அறிவித்ததோ ஒருமுறை வழங்கும் 30,000 ரேண்ட் மட்டுமே. சாட்சியம் சொன்னால் காசோலை வரும் என்ற நினைப்போடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அதைக் கலைத்த பிறகே ஒலிப்பதிவைத் தொடங்க வேண்டும்.

ஒப்புதல் தாளைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு மகனோ மகளோ சாட்சியாக இருக்கட்டும். பதிவின் ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் இன்னொன்றைக் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைப்பது பற்றி விசாரியுங்கள்.