தத்தெடுத்த சின்ன நாய் வீட்டுக்குள் மூச்சா போகிறதா? பழக்கும் முறை, படிப்படியாக

குட்டியிலிருந்தே வளர்க்கும் நாய்க்கு எழுதிய பதிவு இல்லை இது. ஒன்றிரண்டு வயதான ஒரு சின்ன நாயை ஆசையாகத் தத்தெடுத்து வந்து, அது நடு ஹாலில் மூச்சா போவதைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் மிளகு, பொமரேனியன் கலப்பு. எடை ஐந்து கிலோ சொச்சம்தான். யாரோ கூண்டில் வைத்து வளர்த்து, குட்டி போட வைத்து, அப்புறம் தெருவில் விட்டுவிட்டுப் போன நாய். இன்று சென்னையில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில், கதவருகே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டாள். தடுப்பூசி, சாப்பாடு, குளியல் பற்றியெல்லாம் நீங்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

குட்டிப் பருவத்தில் எந்தத் தரையில் போய்ப் பழகியதோ, பெரிதான பிறகும் நாய் அதே மாதிரியான தரையைத்தான் தேடும். தெருவில் பிறந்த நாட்டு நாய்க்கு மண்ணும் புல்லும் பழக்கம் என்பதால் அதைப் பழக்குவது பெரும்பாலும் சுலபம். கூண்டிலோ மொட்டைமாடியிலோ அடைபட்டுக் கிடந்த நாய்க்குச் சிமென்ட் தரைதான் கழிப்பிடம். அதன் பாதத்துக்கு உங்கள் வீட்டு டைல்ஸும் சிமென்ட்டும் ஒன்றுதான். தான் போன இடத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டியிருந்த நாய்க்கு, படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் இயல்பும் மங்கிப் போயிருக்கும். இதில் திமிரும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. வீட்டில் உள்ள எல்லோருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் படி: டாக்டரிடம் காட்டுங்கள்

அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, முக்குகிறது, சிவப்பாக வருகிறது என்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். நோய் இருக்கும்போது எந்தப் பழக்கமும் ஒட்டாது. கருத்தடை செய்யாத பெண் நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து படுத்து, பின்பக்கம் துர்நாற்றத்தோடு கசிந்தால் அது கருப்பையில் சீழ் பிடித்ததன் அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், பழக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: பழைய வாசனையை ஒழியுங்கள்

ஃபினாயில் ஊற்றித் துடைத்தால் நமக்கு வாடை போய்விடும், நாய்க்குப் போகாது. சிறுநீர்க் கறை வெறும் தண்ணீரில் லேசில் போகாது. டைல்ஸ் இடுக்கில் உப்பாகப் படிந்துகொள்ளும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறியதும் வாடை மறுபடி கிளம்புவது இதனால்தான். ஃபினாயில் தரையில் நடந்துவிட்டு நாய் பாதத்தை நக்கும், அதுவும் ஆபத்து. அமோனியா கலந்த கிளீனரைத் தொடவே தொடாதீர்கள், அதன் வாடையே சிறுநீர் மாதிரிதான் இருக்கும்.

என் தேர்வு என்சைம் கிளீனர், அதாவது சிறுநீர்க் கறையை உடைக்கும் நொதி கலந்த திரவம். செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இந்தப் பட்டியலில் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லும் ஒரே பொருள் இது. முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு கிளீனரை இடுக்குகளில் இறங்கும்படி தாராளமாக ஊற்றி, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். தெளித்த கையோடு துடைத்தால் என்சைம் வேலை செய்ய நேரமே இருக்காது. பழைய கறைகளைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய புற ஊதா டார்ச் போதும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சோபாவின் பின்கால் ஓரமும், பூஜை அறை வாசலில் கிடந்த கால்மிதியின் அடியும் மங்கலான மஞ்சள் பச்சையில் மின்னின. சின்ன நாய் போவது இரண்டு ஸ்பூன் அளவுதான். கண்ணில் படாமலே காய்ந்துவிடும், ஆனால் நாயின் மூக்குக்கு அந்த இடம் தெரியும்.

கால்மிதி, சின்னக் கம்பளம் எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போடுங்கள். பழகிய பிறகு ஒவ்வொன்றாக இறக்கலாம். நாய்களுக்கென்று விற்கும் உறிஞ்சும் ஷீட்டும் எனக்குப் பிடிக்காது. மெத்தென்ற துணி மாதிரி எதைப் பார்த்தாலும் அதில் போகலாம் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். வயதான நாய், நோயாளி நாய் என்றால் சரி. மற்றபடி, பால்கனியில்தான் போக வேண்டும் என்ற நிலை இருந்தால் அகலமான செடித்தட்டில் மண் நிரப்பி வைப்பது மேல். அங்கே பழகிய நாய் நாளைக்குத் தெரு மண்ணையும் ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாம் படி: வீட்டைச் சுருக்குங்கள், நேரத்தைப் பிடியுங்கள்

வந்த முதல் நாளே மூன்று அறையும் நாய்க்குத் திறந்து கிடக்கக் கூடாது. நீங்கள் இருக்கும் அறையில் மட்டும் அது இருக்கட்டும். வேலை இருந்தால் லீஷை (நாயைப் பிடிக்கும் கயிறு) இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். தரையை முகர்ந்துகொண்டே வட்டமடிப்பது, விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று விலகி மூலைக்குப் போவது, இவை அடையாளம். பார்த்ததும் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள், விளையாடி முடித்ததும், படுக்கப் போகும் முன்னும் கட்டாயம் வெளியே. இடையில் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுத்து, மீந்ததை எடுத்துவிட்டால் ஆய் போகும் நேரமும் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். நம் ஊர் வெயிலில் அது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

நான்காம் படி: வெளியே போகாமல், உள்ளே வந்ததும் போகிறதே!

பலரும் கைவிடும் இடம் இது. எங்களையும் அதிக நாள் நிறுத்தி வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரை மணி நேரம் தெருவில் சுற்றுவீர்கள். ஒரு சொட்டு வராது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஹாலில் குளம். வேண்டுமென்றே செய்கிறது என்றுதான் தோன்றும். நாயின் பக்கமிருந்து பாருங்கள். தெருவில் ஆட்டோ ஹாரன், பைக், குரைக்கும் தெரு நாய்கள். மூச்சா போக உட்கார்ந்திருக்கும் நொடியில் நாயால் ஓட முடியாது. பயந்த நாய் அந்த நொடியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும். வீட்டுக்குள் வந்து கதவு சாத்தியதும்தான் அதற்கு நிம்மதி, உடம்பு தளரும், வந்துவிடும்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். முன்பு இருந்த இடத்தில் உள்ளே போனதற்காக அடியோ திட்டோ வாங்கிய நாய், ‘இங்கே போகக் கூடாது’ என்று கற்றுக்கொள்வதில்லை. ‘மனிதர் எதிரில் போகக் கூடாது’ என்றுதான் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகிறது. வெளியே வந்தாலும் லீஷின் மறுமுனையில், நாலடி தூரத்தில், நீங்கள் நிற்கிறீர்களே! எப்படிப் போகும்? மிளகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாதி உட்கார்ந்து, சட்டென்று எழுந்துவிடுவாள். அந்தப் பார்வையைக் கவனித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

செய்ய வேண்டியது இதுதான். சுற்ற வேண்டாம். சத்தம் குறைந்த ஒரே இடம், மண்ணோ புல்லோ உள்ள மூலை, ஒவ்வொரு முறையும் அதே இடம். விடிகாலை நல்ல நேரம். இரண்டு மீட்டராவது நீளமுள்ள லீஷ், சின்ன நாய் என்பதால் கழுத்துப் பட்டைக்குப் பதில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை). இழுத்தால் மூச்சுக்குழாயில் அழுத்தாது. நீங்கள் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், அதையே உற்றுப் பார்க்காதீர்கள், போனையும் எடுக்காதீர்கள். வீட்டில் மூச்சாவைத் துடைத்த துணித் துண்டை அந்த மண்ணில் ஒருமுறை போட்டு வைத்தால் இடம் சீக்கிரம் புரியும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பத்து நிமிடம் பார்த்தும் போகவில்லையா? சரி, வீட்டுக்கு வாருங்கள், ஆனால் கீழே விடாதீர்கள். மடியிலோ, இடுப்பு லீஷிலோ, கம்பிக் கூண்டிலோ ஒரு கால் மணி நேரம். (கூண்டு என்றால் கம்பிக் கூண்டுதான். நம் வெக்கைக்கு பிளாஸ்டிக் பெட்டி ஆகாது. கூண்டைப் பார்த்தாலே நடுங்கும் நாய்க்கு எந்தக் கூண்டும் வேண்டாம்.) பிறகு மறுபடி அதே மூலை. போகும் வரை இப்படியே. போனதும், அதாவது முடித்து எழுந்த இரண்டு நொடிக்குள், வேகவைத்த கோழி ஒரு துணுக்கு வாயில். வீட்டுக்கு வந்து கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்ளும். போகும்போதே ‘மூச்சா போ’ என்று மெதுவாக ஒருமுறை சொல்லி வந்தால், பிறகு அந்தச் சொல்லே வேலை செய்யும்.

முக்கியமாக, போன உடனே வீட்டுக்குத் திரும்பாதீர்கள். போனதும் ஊர்வலம் முடிந்துவிடுகிறது என்று தெரிந்தால், ஊர்வலத்தை நீட்டிக்கவே அடக்கிக்கொள்ளும். முதலில் மூச்சா, அப்புறம்தான் சுற்றல்.

ஆய் போனால் காகிதத்தால் எடுத்துக் குப்பையில் போடுங்கள். நம் நாயைப் பிறர் வெறுக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் யாராவது சொன்னால், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டுங்கள். சின்ன நாயின் மூத்திரப்பை மூன்று மாடிப் படி இறங்கும்வரை தாங்காது.

ஐந்தாம் படி: உள்ளே போய்விட்டால்

கையும் களவுமாகப் பார்த்தாலும் கத்தாதீர்கள். ‘வா வா’ என்று சாதாரணமாகக் கூப்பிட்டுக்கொண்டே தூக்கிப் போய், மீதியை வெளியே போகவிட்டு, பரிசு கொடுங்கள். பிறகு பார்த்தால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மூக்கை அதில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, இந்தப் பழைய வழக்கங்கள் எல்லாம் நான்காம் படியில் சொன்ன பயத்தைத்தான் வளர்க்கும். நாய் குற்ற உணர்ச்சியில் தலை குனியவில்லை, உங்கள் குரலுக்குப் பயந்து குனிகிறது.

பிறகு சேர்த்தவை

மழை: ‘ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் மறந்துவிட்டது’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். மறக்கவில்லை. சின்ன நாய்க்கு ஈரப் புல் நேராக வயிற்றில் படும், அது பிடிக்காது. பெரிய குடை பிடித்துக்கொள்ளுங்கள், கூரையுள்ள ஒரு மண் மூலையை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்திலும் இதே கதைதான். அந்த நாட்களில் வெடி தொடங்கும் முன்பே மாலை நடையை முடித்துவிடுங்கள்.

கோடை: தரையில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. மண் தரையிலோ நிழலிலோ மட்டும் விடுங்கள்.

ஆண் நாய்: கதவு, சோபாக் கால் என்று காலைத் தூக்கிக் கொஞ்சமாகத் தெளித்தால் அது எல்லை குறிப்பது. கருத்தடை பல நாய்களில் இதைக் குறைக்கும், ஆனால் ஊறிப்போன பழக்கமாக இருந்தால் மேலே சொன்ன இரண்டாம், மூன்றாம் படிகளும் சேர்ந்தே வேண்டும்.

ஆள் வந்ததும் ஒழுகுவது: வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து குனிந்து கொஞ்சியதும் படுத்தபடியே மூச்சா விடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது கழிப்பிடப் பழக்கமே இல்லை, பணிவும் பதற்றமும் சேர்ந்து வருவது. உள்ளே வருபவர் முதல் ஐந்து நிமிடம் நாயைப் பார்க்காமல், பேசாமல் போகட்டும். அது தானாக வந்து முகர்ந்த பிறகு, பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேல் கை கொண்டு போகாமல் நெஞ்சுப் பக்கம் தடவட்டும். முடிந்தால் அந்த முதல் சந்திப்பை வாசலுக்கு வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.