ஷேடோ அமைப்பு தின்ற மூன்று நாள்

ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் (தூரத்திலிருந்து பலர் நுழையும் விண்டோஸ் சர்வர்), ஆளே உட்காராத அறிவிப்புத் திரைகளின் செஷன்களை, அதாவது அங்கே திறந்திருக்கும் நுழைவுகளை, என் இடத்திலிருந்தே பார்க்க வேண்டியிருந்தது. செஷன் எண்ணையும், ஒப்புதல் கேட்க வேண்டாம் என்னும் நோகன்சென்ட்பிராம்ப்டையும் கட்டளையில் கொடுத்து ஷேடோ செய்தால் (இன்னொரு செஷனின் திரையை அப்படியே பார்ப்பது), பயனரின் ஒப்புதல் கட்டாயம் என்று குரூப் பாலிசியை (விண்டோஸில் நிர்வாகி வைக்கும் விதிகள்) காட்டிப் பிழை வந்தது. அங்கே ஒப்புதல் தர யார் இருக்கிறார்கள்?

குரூப் பாலிசியில், பயனருக்கான யூசர் கான்ஃபிகரேஷன் பகுதியில் 'அனுமதி கேட்காமல் பார்க்கலாம்' என்று மாற்றினேன். ஃபயர்வால், ரீஸ்டார்ட் எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று நாள் போனது.

அப்புறம்தான் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். பாலிசி கிளையில் ஷேடோ மதிப்பு 3, அதாவது கேட்டுவிட்டுப் பார்ப்பது. எனக்கு வேண்டியது 4, கேட்காமல் பார்ப்பது. நான் மாற்றிய அதே பெயரில் இன்னொரு பாலிசி, கணினி முழுவதற்குமான கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனிலும் உண்டு. இரண்டிலும் வைத்திருந்தால் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருப்பதுதான் செல்லும். அந்த 3 எப்போதோ நானே அங்கே வைத்தது! அங்கே மாற்றியதும் திரை தெரிந்தது, அப்பாடா. கட்டளையில் நோகன்சென்ட்பிராம்ப்ட் சேர்க்காவிட்டால் 4 இருந்தும் ஒப்புதல் கேட்கும்.