சீன அரச மரபும் கன்பூசிய சமயமும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வம்சத்தின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுவதுதான் அதிகம் கண்ணில் படும் பிழை. ஹான் வம்சத்தார் லியு குடும்பத்தினர். பேரரசராகும் முன் லியு பாங் கி.மு. 206இல் ஹான் பகுதிக்கு அரசரானார். அந்தப் பெயரே வம்சத்துக்கு நிலைத்தது. சின் என்பதும் நாட்டின் பெயர்தான். முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் இயற்பெயர் ஜெங், குலப்பெயர் யிங், கிளைப்பெயர் ஜாவ்.

குலப்பெயரும் கிளைப்பெயரும் அன்று வேறு வேறு. குலப்பெயர் ஏறக்குறைய நம் கோத்திரம் மாதிரி: ஒரே குலத்தில் பெண் எடுக்கக் கூடாது. கிளைப்பெயர் நிலம், பதவி வழியாக வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை மாறவும் செய்யும். கன்பூசியஸுக்குக் கிளைப்பெயர் கோங், குலப்பெயர் ட்சு. ஹான் காலத்துக்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்கு முந்தைய இருவரைக் கிளைப்பெயரை மட்டும் பார்த்து உறவினர் ஆக்காதீர்கள்.

லியு என்றாலே அரச ரத்தம் என்பதும் தவறு. எதிரி சியாங் யுவின் சித்தப்பா சியாங் போவுக்கும், தலைநகரை மேற்கே மாற்றச் சொன்ன லோவ் ஜிங்குக்கும் லியு பாங்கே தம் குடும்பப் பெயரைக் கொடுத்தார். 304இல் தன்னை ஹான் அரசன் என்று அறிவித்த லியு யுவான், வடக்கு நாடோடி இனமான சியோங்னுவின் தலைவன். ஹான் இளவரசிகள் அங்கே மணமுடித்துப் போனதைச் சொல்லி உரிமை கோரினான்.

கன்பூசியஸின் வழிவந்த கோங் குடும்பத்தில் தலைமுறையை வயதை வைத்துக் கணக்கிடுவது இன்னொரு சறுக்கல். பெயரின் நடு எழுத்தைப் பாருங்கள்: சியாங் 75, லிங் 76, தெ 77, வெய் 78, சுய் 79ஆம் தலைமுறை. 1872இல் பிறந்த கோங் லிங்யி 76ஆம் தலைமுறை. அவருக்குப் பின் பிறந்த நிதியமைச்சர் கோங் சியாங்சி 75ஆம் தலைமுறை, அதாவது ஒரு படி மூத்தவர். பெண்களின் பெயரைக் கோங் குடும்ப வம்சாவளி நூல் 2009 பதிப்பில்தான் சேர்த்தது. பழைய பதிப்பில் ஒரு பெண்ணின் பெயர் இல்லை என்பதற்காக அவர் குடும்பத்தவர் அல்லர் என்று சொல்ல முடியாது.

இந்தக் குடும்பத் தலைவரைக் கன்பூசிய மதத்தின் தலைவர் என்று எழுதுவது பெரும்பிழை. 1055இல் சோங் அரசு கொடுத்த யென்ஷெங் கோமகன் பட்டம் முன்னோர் வழிபாட்டுக்கானது. 1935இல் அது அரசு வழிபாட்டு அதிகாரி பதவியாக மாறியது. இந்தோனேசியாவின் மத்தாகின் அமைப்போ குருமார், 'லித்தாங்' எனும் வழிபாட்டு மண்டபம், தியான் (வானம்) வழிபாடு எல்லாம் உள்ள தனிச் சமய அமைப்பு. பிறப்பு அங்கே தகுதியே அல்ல.

நாட்டுக்கு நாடு அரசின் நிலைப்பாடும் வேறு. சீன அரசு ஏற்கும் ஐந்து மதங்களில் கன்பூசியம் கிடையாது. இந்தோனேசியாவில் 1965 ஆணை கன்பூசியத்தை அந்நாட்டு மதங்களின் பட்டியலில் சேர்த்தது. 1967 கட்டுப்பாடுகள் ஒடுக்கின. 2000இல் அவை நீங்கின. 2006இல்தான் திருமணமும் அடையாள அட்டையும் கன்பூசியர் என்ற பெயரிலேயே பதிவாக வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பலர் பௌத்தர் என்றோ கிறித்தவர் என்றோ பதிந்தார்கள். அந்தப் பதிவேடுகளை நம்பி எண்ணிக்கை சொல்லாதீர்கள்.

இந்தோனேசியக் கன்பூசியரின் ஆண்டுக் கணக்கு கன்பூசியஸ் பிறந்த கி.மு. 551இலிருந்து தொடங்குகிறது. 2024 பிப்ரவரி 10 சீனப் புத்தாண்டு முதல் 2575; அதற்கு முந்தைய நாள் வரை 2574.