குழந்தை கிளினிக்கில் வீட்டு நிலைமையைக் கேட்பது எப்படி?

எடை ஏறாத பிள்ளைக்கு டானிக் எழுதுவது எளிது. ஆனால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மீன்பிடித் தடையால், கன்னியாகுமரி மாவட்டக் குளச்சலில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதே மழைக்காலத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் குறையும். அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

முதல் வேலை: கேள்வித்தாள் அல்ல, உதவிப் பட்டியல். கையில் உதவி இல்லாமல் கேட்டால் அது வெறும் துருவல்தான். பக்கத்து அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோரின் எண்கள், ரேஷன் கார்டில் பிள்ளை பெயர் சேர்க்க இ-சேவை மையம், குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181. ஒரே தாள் போதும். உள்ளூர் எண்களை நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள், பாதி மாறியிருக்கும்.

அப்புறம் கேள்வி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் பரிந்துரைத்தவை இரண்டே. கடந்த 12 மாதத்தில், கையில் காசு வருமுன் சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? தீர்ந்துபோய், திரும்ப வாங்கக் காசில்லாமல் இருந்ததுண்டா? இரண்டில் ஒன்றுக்கு 'அடிக்கடி' அல்லது 'சில நேரம்' என்று பதில் வந்தாலே கவனிக்க வேண்டும்.

எங்கே கேட்பது? நான் முதலில் எடை பார்க்கும் இடத்தில், வரிசைக்கு நடுவே கேட்டேன். அந்தத் தாய் பின்னால் நின்ற மாமியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லக்கா" என்றாள். பிள்ளையின் எடை வேறு சொன்னது. இப்போது ஊசி போட்டபின் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், ஓரமாக உட்கார வைத்து, "மக்களே, இது எல்லார்கிட்டயும் கேக்கதுதான்" என்று தொடங்குகிறேன். அது பொய்யாகிவிடக் கூடாது. காரில் வந்தவர்களிடமும் கேளுங்கள்.

பதிலைக் கிளினிக் பதிவேட்டில் குறியுங்கள். வீட்டுக்குப் போகும் ஊசி அட்டையில் வேண்டாம், அதை எல்லோரும் படிப்பார்கள். உதவி வேண்டுமா என்றும் கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, விட்டுவிடுங்கள்.

ஒன்றரை மாத ஊசிக்கு வந்த பிள்ளை இரண்டரை மாதத்தில் திரும்ப வரும். அன்றைக்கு, "ரேஷன் கார்டில் பேர் ஏறிட்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், அவர்கள் எதிரிலேயே போனை எடுத்து இ-சேவை மையத்தைக் கூப்பிடுங்கள்.