காட்டமில்லாத நல்ல சிகாரைப் பார்த்து எடுப்பது எப்படி

துபாயில் ஒரு சிகார் கடையில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வரும் நம்மாட்கள் கவுன்ட்டரில் நின்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: “அண்ணே, லைட்டா ஒண்ணு எடுத்துக் குடுங்க.” சிலர் தனக்கென்று கேட்பார்கள், சிலர் மாமனாருக்கோ மேனேஜருக்கோ வாங்கிப் போக. கேட்ட கையோடு, இளம்பழுப்பு நிறத்தில் ஒல்லியாக இருக்கும் ஒரு சிகாரை அவர்களே எடுத்துவிடுவார்கள். வெளுப்பாக இருக்கிறது, ஒல்லியாக இருக்கிறது, அப்போ காட்டமும் குறைவாகத்தான் இருக்கும் என்று கணக்கு. அந்தக் கணக்கை நம்பி வாங்கிப் போய்ப் பத்து நிமிடத்தில் தலை சுற்றி உட்கார்ந்தவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டம் குறைந்தது என்றால் கெடுதல் குறைந்தது என்று அர்த்தமில்லை. சிகார் புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான ஆபத்து இருக்கிறது. ஒரு பெரிய சிகாரில் இருக்கும் புகையிலை ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருப்பதற்கு ஈடாக வரலாம். பழக்கமே இல்லாதவர் புதிதாகத் தொடங்க வேண்டாம். இது எப்போதாவது பிடிப்பவர்களுக்கும் பரிசாக வாங்குபவர்களுக்கும்.

சரி, இலைக்கு வருவோம். சிகாரில் மூன்று அடுக்கு. நடுவில் ஃபில்லர் இலைகள், அவற்றைச் சேர்த்துக் கட்டும் பைண்டர், எல்லாவற்றுக்கும் மேலே ராப்பர். நம் கண்ணுக்குத் தெரிவது ராப்பர் ஒன்றுதான். காட்டத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது உள்ளே இருக்கும் ஃபில்லர். செடியின் உச்சியில் வெயிலை முழுக்க வாங்கி வளரும் இலைக்கு லிஹேரோ என்று பெயர். தடிப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும், மெதுவாக எரியும், நிகோடின் அதிகம். நடுச்செடி இலை செக்கோ, மணத்துக்காகச் சேர்ப்பது. அடி இலை வொலாடோ, காட்டம் மிகக் குறைவு, நன்றாகப் பற்றி எரிய உதவும். மைல்டு சிகார் என்றால் லிஹேரோ கொஞ்சமாகவோ இல்லாமலோ சுருட்டப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் புரிய வைக்க, என்னிடம் கேட்பவர்களுக்கு எப்போதும் இரண்டு சிகாரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். ஒன்று ஓயோ தே மொந்தெர்ரே எபிக்யூர் நம்பர் 2. இன்னொன்று பார்தகாஸ் செரியே டி நம்பர் 4. இரண்டும் கியூபா. இரண்டும் 124 மில்லிமீட்டர் நீளம், 50 ரிங் (சுமார் 20 மில்லிமீட்டர்) தடிமன், அதாவது ரொபஸ்டோ என்ற அளவு. பிராண்ட் பெயர் போட்ட காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கையில் கொடுத்தால் எது எது என்று பலருக்குச் சொல்லத் தெரியாது. பற்ற வைத்தால் எபிக்யூர் மெதுவாக, மரவாசனையோடு, லேசாகப் பாலாடை மாதிரி வரும். பார்தகாஸில் மிளகும் மண்வாசனையும் தொண்டையில் இறங்கும். வெறும் வயிற்றோடு பிடித்தவருக்கு வயிற்றைப் பிரட்டும். வித்தியாசம் முழுக்க உள்ளே இருக்கும் இலைக் கலவையில்.

நிறத்தைப் பற்றியும் இதே பேச்சுதான். கறுப்பாக இருக்கும் மதூரோ சிகாரைப் பார்த்தாலே பலர் பின்வாங்குவார்கள். அந்தக் கறுப்பு, இலையை அதிக நாள், அதிகச் சூட்டில் புளிக்க வைப்பதால் வருவது. அதனால் பல நேரம் இனிப்புதான் கூடும். உள்ளே சாதுவான இலை இருந்தால் மதூரோவும் சாதுவாகவே இருக்கும். மறுபக்கம், வெளுத்த ராப்பருக்குள் நிகராகுவாவின் எஸ்தெலி பக்கத்து லிஹேரோவை வைத்துச் சுருட்டினால் அது நன்றாகவே உதைக்கும்.

அப்படியென்றால் கடையில் என்ன கேட்பது? முழுக் கலவையை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் ஃபில்லர் எந்த நாட்டு இலை என்று கேளுங்கள். டொமினிக்கன் குடியரசு என்றால் பொதுவாகச் சாது. நிகராகுவா என்றால் ஒரு படி மேலே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்புறம் ராப்பர் கனெக்டிகட் ஷேடா என்று கேளுங்கள். மைல்டு சிகார் உலகத்தில் அதிகம் புழங்கும் இலை இதுதான். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், வின்ட்சர் என்ற ஊரில், 1900இல் துணிப்பந்தல் போட்டு அதன் நிழலில் புகையிலை வளர்க்கத் தொடங்கினார்கள். நேர் வெயில் படாததால் இலை மெல்லிசாக, நரம்பு துருத்தாமல், தங்கப் பழுப்பில் வரும். இப்போது அதே வகை இலை ஈக்வடாரிலும் விளைகிறது. அங்கே வானம் பெரும்பாலும் மேகம் மூடியே இருப்பதால் பந்தலே தேவையில்லை. இந்த ராப்பரும் டொமினிக்கன் ஃபில்லரும் சேர்ந்தால் ஏறக்குறைய உறுதியாக மைல்டு என்று எடுக்கலாம்.

பெயர் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால் மக்கனூடோ கஃபே, ஆஷ்டன் கிளாசிக், ஆர்துரோ ஃபுவெந்தே வகையில் ஷட்டோ ஃபுவெந்தே, மொந்தெகிறிஸ்டோ ஒயிட். டாவிடாஃபின் சிக்னேச்சர் வரிசையும் இந்த ரகம்தான். அந்த பிராண்ட் 1990ஐ ஒட்டிக் கியூபாவை விட்டு டொமினிக்கன் குடியரசுக்கு மாறியது. விலை அதிகம். ஆனால் ஒவ்வொரு சிகாரும் ஒரே மாதிரி எரியும், அதற்குத்தான் காசு. பெர்தோமோ ஷாம்பெய்ன் நிகராகுவா ஃபில்லர்தான் என்றாலும் கனெக்டிகட் ராப்பரோடு காட்டத்தில் நடுத்தரத்துக்குக் கீழேயே நிற்கும், விலைக்கு நல்ல சரக்கு. கியூபாதான் வேண்டும் என்றால் மேலே சொன்ன ஓயோ, இல்லையென்றால் ஹெச் உப்மான். கோயிபா என்று பேருக்காகக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கோயிபா மைல்டு இல்லை. கண்ணாடி மூடி போட்ட கோயிபா பெட்டியை எங்காவது யாராவது காட்டினால் அது போலி. அப்படி ஒரு பெட்டியை அவர்கள் போடுவதே இல்லை.

வெனிலா, செர்ரி மணம் ஏற்றியவற்றை மைல்டு என்று சொல்லி விற்பார்கள். அது வேறு சரக்கு. புகையிலையின் ருசி தெரிய வேண்டுமென்றால் அதன் பக்கம் போகாதீர்கள்.

இனி கையில் எடுத்துப் பார்ப்பது. பிராண்டைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். காட்டமான சிகாரில் சின்னக் குறைகள் காரத்தில் மறைந்துவிடும். மைல்டு சிகாரில் எதுவும் மறையாது. கொஞ்சம் காய்ந்திருந்தால் காகிதம் எரிவது போல ருசிக்கும், கொஞ்சம் ஈரம் கூடினால் கசக்கும். அதனால் கறாராகப் பாருங்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து ராப்பரைப் பாருங்கள். லேசான எண்ணெய் மினுமினுப்பு இருக்க வேண்டும். வெடிப்பு, கிழிசல், தடித்த நரம்பு இருந்தால் வேண்டாம். ஊசி குத்தினாற்போல் வட்டமான சின்ன ஓட்டை தெரிந்தால் புகையிலை வண்டு இருக்கிறது. அந்தச் சிகாரை மட்டும் இல்லை, அந்தப் பெட்டியையே விட்டுவிடுங்கள்.

அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். நசுக்கக் கூடாது. அழுத்தம் கொடுத்தால் உள்வாங்கி, விட்டதும் திரும்பி வர வேண்டும். நடுவில் ஓரிடம் கல்லாக இருந்தால் அங்கே இலை நெருங்கிப் புகை அடைக்கும். ஓரிடம் தொளதொளவென்று இருந்தால் அங்கே வேகமாக எரிந்து சூடேறும், சூடு ஏறினால் மைல்டு சிகாரும் காரமாகிவிடும். காதருகே மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. பற்ற வைக்கும் முனையை மூக்கருகே வைத்துப் பாருங்கள். வைக்கோல், மரம், லேசான இனிப்பு வந்தால் நல்லது. அமோனியா நெடி அடித்தால் இலை இன்னும் அடங்கவில்லை, சில மாதம் கிடக்க வேண்டிய சரக்கு. செலோபேன் உறையில் இருப்பதைக் கடைக்காரரைக் கேட்காமல் பிரிக்காதீர்கள், உறையோடேயே அழுத்திப் பார்க்கலாம்.

கியூபாப் பெட்டி வாங்குபவர்கள் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மாதத்தின் ஸ்பானிஷ் சுருக்கமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். இரண்டு மூன்று வருடம் ஆனதாகக் கிடைத்தால் அதை எடுங்கள். நன்றாக வைத்த சிகார் வயது ஏற ஏற இன்னும் சாதுவாகும்.

அளவு விஷயத்தில் ஒல்லியானது லேசானது என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். ஒல்லியான சிகார் சீக்கிரம் சூடாகும், அவசரமாக இழுப்பவர் கையில் அது கடுக்கும். ரிங் கணக்கு ஓர் அங்குலத்தின் 64 பாகத்தில் எத்தனை என்பது. 50 என்றால் சுமார் 20 மில்லிமீட்டர் குறுக்களவு. முதல் தடவைக்கு ரொபஸ்டோ நல்ல அளவு. ஒரு மணி நேரம் உட்கார முடியாதவர் அதைவிடச் சின்னதான பெட்டிட் கொரோனா எடுக்கலாம். நீளமான சர்ச்சில் அளவு வேண்டாம். எந்த சிகாரும் கடைசி மூன்றில் ஒரு பங்கில் காட்டம் கூடும். நீளமான சிகாரில் அந்த இடம் வரும்போது நீங்கள் ஏற்கெனவே களைத்திருப்பீர்கள்.

யாருக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உறையூர்ச் சுருட்டோ யாழ்ப்பாணச் சுருட்டோ பிடித்துப் பழகிய பெரியவருக்கு மக்கனூடோ வாங்கிப் போனால் அவருக்கு அது வெறும் புகையாகத்தான் தெரியும். அவருக்கு நடுத்தரக் காட்டத்தில் ஒன்று எடுங்கள், வாங்கிய காசுக்கு அவர் முகம் மலரும்.

பிடிக்கும் விதம் தவறினால் நல்ல சிகாரும் வீண். சாப்பிட்ட பிறகு பிடியுங்கள். வாயில் வைக்கும் தலைப்பக்கத்தை மூடியிருக்கும் இலைத் துண்டில், அதாவது மூடியில், இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள், மூடியின் கோட்டைத் தாண்டினால் ராப்பர் பிரியும். வெட்டியதும் பற்ற வைக்காமல் ஒரு முறை இழுத்துப் பாருங்கள், ஸ்ட்ராவில் மோர் குடிக்கிற அளவுக்கு லேசான தடை இருந்தால் சரி. தீயை முனையில் ஒட்டாமல் சற்றுத் தள்ளிக் காட்டி, சுற்றிலும் சீராகச் சிவக்க விடுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும், புகையை நெஞ்சுக்குள் இறக்காதீர்கள். சிகார் புகையின் நிகோடின் வாயின் உட்தோலிலேயே ஏறிவிடும். தலை லேசாகச் சுற்றினால் கீழே வைத்துவிட்டு இனிப்பாக எதையாவது சாப்பிடுங்கள். கடைசி வரை பிடித்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நசுக்கி அணைக்காமல் சாம்பல் தட்டில் வைத்தால் தானே அணையும், நெடியும் குறையும்.

ஊருக்குக் கொண்டு போகிறவர்களுக்குத்தான் கடைசியாக. சிகாருக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும், சூடு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. 25க்கு மேல் போனால் இலைக்குள் கிடக்கும் வண்டு முட்டை பொரிய வாய்ப்பு உண்டு. சென்னை வெயிலில் அலமாரியில் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் காக்கும் மரப்பெட்டியான ஹியூமிடார் வாங்க வேண்டிய அவசியமில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் 65 அல்லது 69 என்று எழுதிய ஈரப்பதப் பை ஒன்று, அதை வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வைத்தால் போதும். சாதாரண ஃபிரிட்ஜ் இலையைக் காய வைக்கும். விமானத்திலும் காற்று வறட்சிதான், ஜிப் பையில் ஈரப்பதப் பையோடு போட்டுக் கைப்பையில் கொண்டு போங்கள். இங்கே வாங்கிய கையோடு காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டு மாலுக்குள் போகாதீர்கள். துபாய் ஜூலையில் அரை மணி நேரத்தில் ராப்பர் வெடித்துவிடும்.